பன்னிரண்டு மணிக்குச் சாத்துகிற கதவு

மதிப்புக்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நோயாளர் நலச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் வணக்கமுங்க.

நான் உங்கள் ஆஸ்பத்திரியில் 31 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் பால்வினை நோய்ப் பிரிவில்தான் கழிந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குக் கொங்குநாட்டில் ஏதோ ஒரு மாவட்டம் என்று இருந்தால் போதும். அந்தப் பிரிவைச் சாயங்காலத்திலும் திறந்து வையுங்கள் என்று நேரில் வந்து சொன்னேன், எழுதிக் குடுங்க என்றீர்கள். எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. சரி, இனி ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவன் நான். போன மாதம் அப்படி வந்து வரிசையில் நிற்கும்போது மணி 12 தாண்டி ஒரு பத்து நிமிடம் இருக்கும். புதுக் கட்டடத்தில் நம்ம பிரிவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓபி சீட்டு வரிசைக்கு நேர் எதிரில், கண்ணாடிக் கதவு போட்டு, மேலே ஆறடி நீளத்துக்கு நீலப் பலகையில் பெயர் எழுதி. ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ், அந்தப் பலகையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே மூன்று தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தான். கடைசியில் செக்யூரிட்டிக்காரரிடம் போய் வாய்க்குள்ளேயே ஏதோ கேட்டான். அவர் கெட்டவர் இல்லை, காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். "என்னது? பொம்பளச் சீக்குக்கா? அது சாத்தியாச்சு, நாளைக்குக் காலைல ஏழரைக்கு வா!"

வரிசையில் நின்ற நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி, வெளியே போய்விட்டான். போன் அடிக்கவே இல்லை.

நான் மாத்திரையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். வாசல் டீக்கடையில் நின்றிருந்தான். ஒரு டீ சொல்லி, எந்த ஊரு கண்ணு என்று பேச்சுக் கொடுத்ததில் மெதுவாக வந்தது. லாரியில் கிளீனர். "நாளைக்குக் காலைல அனந்தப்பூர் தாண்டியிருப்பனுங்க. திரும்பி வர பதினஞ்சு நாளாகுமுங்க." அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மாதம் ஒருநாள் வந்து உட்காருகிற வைத்தியரின் விசிட்டிங் கார்டு. ரகசிய நோய்களுக்கு ரகசிய சிகிச்சை, இரவு 9 மணி வரை. "போனவாட்டி மூவாயிரம் வாங்கினாங்க, நின்ன மாதிரி இருந்துச்சுங்க, மறுபடியும் எரியுது."

இந்தப் பையனுக்கு நம்மிடம் ஆக வேண்டிய வேலை என்ன? ஒரு ஸ்மியர், அதாவது சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, ஒரு ரத்தப் பரிசோதனை. வெட்டை (கோனோரியா) என்றால் சாம்பல் கலர் மாத்திரைப் பாக்கெட், அதைப் பிரித்து டாக்டர் முன்னாலேயே விழுங்கிவிட்டுப் போகலாம். ஆரம்ப நிலை சிபிலிஸ் (மேகப்புண்) என்றால் 24 லட்சம் யூனிட் பென்சாத்தீன் பென்சிலின் ஊசி, இடுப்பில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, முடிந்தது. எல்லாம் இலவசம், எல்லாம் ஸ்டாக்கில் இருக்கிறது. வேண்டியது அவனுடைய ஒரே ஒரு மணி நேரம், அதுவும் சாயங்காலத்தில்.

இதைச் சொன்னால் ஆள் இல்லை, நிதி இல்லை, அரசாணை இல்லை என்பீர்கள். அதனால் இதே வேலையை நூறு வருடத்துக்கு முன்னால் எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். லேப்காரன் என்பதால் அந்தக் காலத்துக் கதையில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1905ல் பெர்லினில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இரண்டு ஜெர்மன்காரர்கள் சிபிலிஸ் கிருமியைப் பார்த்தார்கள், நூல் மாதிரி மெலிதாக, கார்க் திருகி போலச் சுருண்டு. அதே 1905ல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் டோனவன் என்ற டாக்டர் இன்னொரு பால்வினைப் புண்ணுக்குக் காரணமானதைக் கண்டுபிடித்தார், இன்றைக்கும் அது டோனவனோசிஸ்தான். அடுத்த வருடமே வாசர்மன் என்ற ஜெர்மன்காரர் சிபிலிஸுக்குக் கண்டுபிடித்த ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. இன்றைக்கு நாம் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) ஒரு சொட்டு, ஆன்டிஜன் என்ற சோதனைக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, ரொட்டேட்டர் என்ற சுழற்றுகிற மெஷினில் நிமிடத்துக்கு 180 சுற்று, நாலு நிமிடம், மைக்ராஸ்கோப்பில் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா என்று பார்த்து எழுதிவிடுகிறோம். வாசர்மனுக்கு ஆட்டு ரத்த அணு வேண்டும், கினிப்பன்றியின் சீரம் வேண்டும், ஆட்டு அணுவுக்கு எதிராக முயல் உடம்பில் உண்டாக்கிய சீரம் வேண்டும், மாட்டு இதயத்திலிருந்து ஆல்கஹாலில் இறக்கிய சாறு வேண்டும். நோயாளியின் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடு பண்ணிவிட்டு எல்லாவற்றையும் கலந்து வைத்தால், ரத்த அணு உடைந்து குழாய் முழுக்கச் சிவந்துவிட்டது என்றால் நோய் இல்லை, உடையாமல் அடியில் தங்கிவிட்டது என்றால் இருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டியே நின்றது. அந்த 56 டிகிரி அரை மணி நேரம் மட்டும் என் காலம் வரை மாறவில்லை. வாட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த ஜெர்மன்காரரை நினைத்துக்கொள்வேன்.

1910ல் ஜெர்மானியரான எர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் சிபிலிஸுக்குக் கண்டுபிடித்த 606 என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. சால்வர்சான் என்று பெயர், ஆர்சனிக் மருந்து. நம்ம பாஷையில் சொன்னால் பாஷாணம்தான். காற்றுப் பட்டால் கெட்டு விஷமாகிவிடும் என்பதால் மஞ்சள் பொடியைக் கண்ணாடிக் குழாயில் காற்றுப் புகாமல் உருக்கி அடைத்து அனுப்பினார்கள். அன்றைக்கே வடித்த தண்ணீரில் கரைத்து, அதில் காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் திரிந்துபோகும், இன்னும் சொட்டு விட்டால் மறுபடி தெளியும், அந்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். முந்தாநாள் வடித்த தண்ணீர் என்றால் நோயாளிக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். அப்புறம் கால் லிட்டர் உப்புநீரோடு நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். 1912ல் வந்த 914 என்ற அடுத்த மருந்து கொஞ்சம் சுலபம், தண்ணீரில் நேராகக் கரையும். ஆனால் இரண்டும் ஒரே ஊசியில் தீராது. வாரா வாரம் ஊசி, கூடவே இடுப்பில் பாதரச ஊசி, இரண்டு மாதம் கழித்து ஓய்வு, மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி முதலிலிருந்து. வருடக் கணக்கில் வர வேண்டும். இரண்டு வாரத்தில் புண் ஆறிவிடும், வலி இருக்காது, ஆனாலும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வெட்டைக்கு இந்த மருந்தும் கிடையாது. சுவரில் ஆணியடித்து ஒரு டப்பாவை மாட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வெதுவெதுப்பான பெர்மாங்கனேட் தண்ணீரை நீர்த்தாரை வழியே செலுத்திக் கழுவுவார்கள், தினமும், சிலருக்கு நாளுக்கு இரண்டு தடவை, வாரக் கணக்கில். படிக்கிற ஆண்கள் காலைச் சேர்த்து வைத்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது.

இப்படிப்பட்ட வைத்தியத்துக்கு ஒரு மில் தொழிலாளியை, ஒரு கப்பல்காரனை, ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணை வருடக் கணக்கில் எப்படி வரவைப்பது? 1913ல் பிரிட்டனில் இதற்கென்று ஓர் அரச ஆணையம் போட்டார்கள். தலைவர் சிடன்ஹாம் பிரபு, அதற்கு முந்தி பம்பாய் கவர்னராக இருந்தவர். உறுப்பினர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். இந்த அம்மாவை நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1875ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் முதன்முதலாகச் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர், 1885ல் மெட்ராஸில் கோஷா, அதாவது பர்தாப் பெண்களுக்கான ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர், அதுதான் இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. ஆம்பளை டாக்டர் முன்னால் வர மாட்டோம் என்று கோஷா பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டு நிற்காமல், பெண்களே வைத்தியம் பார்க்கிற ஒரு வாசலைத் திறந்த ஆள் இவர். லண்டனில் அந்த ஆணையத்தில் உட்கார்ந்தபோது இவர் மனதில் திருவல்லிக்கேணி இருந்திருக்காதா என்பது என் நினைப்பு, ஆதாரம் கேட்காதீர்கள்.

1916ல் அறிக்கை வந்தது. பெரிய நகரங்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குக் குறையாமல் சிபிலிஸ் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அதே வருடம் விதிமுறைகள் போட்டாகிவிட்டது. உள்ளாட்சிகள் கிளினிக் நடத்த வேண்டும், செலவில் 75 சதவீதம் மத்திய அரசு தரும், மீதி 25 உள்ளாட்சி. சிகிச்சைக்குக் காசு கிடையாது. எந்த ஊர்க்காரன் என்று கேட்கக் கூடாது, அதாவது சொந்த ஊரில் முகம் காட்டக் கூச்சப்படுகிறவன் பக்கத்து ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். விஷயம் வெளியே போகக் கூடாது. ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம். வேலைக்குப் போகிறவர்கள் வரும்படி சாயங்காலத்திலும் திறக்க வேண்டும். கழுவுகிற வேலைக்கு டாக்டர் தேவையில்லை, பழகிய சிப்பந்திகளே டாக்டர் இல்லாத நேரத்திலும் செய்யலாம் என்று ஏற்பாடு. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் கர்னல் ஹாரிசன் நடத்திய கிளினிக் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இந்தக் கிளினிக்குகளில் ஊறிப்போனதுதான்.

அவர்களை ஒரேயடியாகத் தூக்கி வைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. நிறையப் பேர் ஊசியை நடுவில் விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதுதான் அந்தக் கிளினிக்குகளின் தீராத தலைவலி. ஆர்சனிக்கால் தோல் உரிந்தவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மருந்தின் குற்றம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். சரியாகக் கொதிக்க வைக்காத சிரிஞ்சு ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்குக் கொண்டுபோனது 1940களில்தான் தெளிவானது. அப்புறம் 1918ல் ராணுவ வீரனுக்கு நோய் கொடுத்தால் பெண்ணை ஜெயிலில் போடலாம் என்று ஒரு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பி, யுத்தம் முடிந்ததும் கைவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு நோயைக் கொடுத்தவன் யார் என்று அந்த விதி கேட்கவில்லை.

நம்ம பக்கத்தில் அவர்கள் செய்தது இன்னும் மோசம். 1868ல் இங்கே ஒரு சட்டம் போட்டு, தொழில் செய்கிற பெண்களைப் பதிவு பண்ணி, கட்டாயப் பரிசோதனை செய்து, நோய் இருந்தால் இதற்கென்றே வைத்திருந்த 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைத்தார்கள். பெண்கள் பேர் கொடுக்காமல் ஒளிந்தார்கள், ஓடினார்கள். 1888ல் சட்டத்தை ரத்து பண்ண வேண்டி வந்தது. பூட்டி வைத்து வைத்தியம் பார்த்தால் ஆள் வராது என்று அவர்கள் கற்றுக்கொண்டது நம்ம ஊர்ப் பெண்கள் முதுகிலும்தான், 1916ல் கட்டாயம் வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்ததற்குப் பின்னால் இந்த மாதிரி பாடங்கள்தான் இருந்தன.

அந்த நாளில் நம்ம கொங்குக் கிராமத்தில் ஒருவனுக்கு இது வந்தால் என்ன நடந்திருக்கும்? என் ஆத்தா சொன்ன ஒரே ஒரு கதை எனக்குத் தெரியும். அவங்க பெரியப்பா ஒருத்தர் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் திருப்பூர்ச் சந்தைக்கும் அதற்கு அப்பாலும் போய் வருகிறவர். ஒரு தடவை போய் வந்தவருக்கு "மேகம்" என்று சொல்லி, வீட்டுக்குள் விடாமல் தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) தனியாக வைத்துவிட்டார்கள். வைத்தியர் ரச மருந்து (பாதரசம்) கொடுத்தார், உப்பில்லாப் பத்தியம், பரங்கிப்பட்டைக் கஷாயம். நாலாம் நாள் ஈறெல்லாம் வீங்கி, வாய் வெந்து, எச்சில் ஓயாமல் ஒழுகி, பக்கத்தில் சட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "விஷம் வெளியே போகுது" என்று வைத்தியர் சொன்னாராம். (ஐரோப்பாவிலும் நானூறு வருடம் இதே பாதரசம், இதே எச்சில், இதே விளக்கம். அதில் நாம் ஒன்றும் கீழே இல்லை.) புண் ஆறியது. அவர் சம்சாரத்துக்கு மூன்று பிள்ளை தங்கவில்லை. ஊரில் அந்த அம்மாவைத்தான் ராசியில்லாதவள் என்றார்கள்.

ஆத்தா இதைச் சொல்லும்போது நான் லேப் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளை ஏன் தங்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஆத்தாவிடம் சொல்லவில்லை.

நம்ம ஜனங்களின் மனசு ஒரு விதம். அம்மை போட்டால் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, வீட்டுக்கே ஒரு மரியாதை. கோயம்புத்தூரில் பிளேக் வந்து வாரிக்கொண்டு போனபோது அதற்கும் பிளேக் மாரியம்மன் என்று கோயில் கட்டிக் கும்பிட்டார்கள், இன்றைக்கும் இருக்கிறது. மேகத்துக்கு மட்டும் ஒரு சாமியும் கிடையாது. வந்தவன் சாளையில் கிடக்க வேண்டியதுதான். இப்போது சாளைக்குப் பதில் லாட்ஜ் ரூம்.

அந்த லாட்ஜ் வைத்தியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1917ல் பிரிட்டனில் ஒரு சட்டம் போட்டார்கள்: கிளினிக் திட்டம் நடக்கிற பகுதியில் தகுதி பெற்ற டாக்டர் தவிர வேறு யாரும் காசு வாங்கிக்கொண்டு இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது என்று விளம்பரமும் பண்ணக் கூடாது. நம்மிடமும் 1954லிருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது, அதன் பட்டியலில் பால்வினை நோய்கள் பெயர் சொல்லியே இருக்கின்றன. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நம்ம பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, அங்கே முதலில் வாசலைத் திறந்தார்கள், அதன் பிறகுதான் போலி வைத்தியனை மூடச் சொன்னார்கள். அரசு கிளினிக் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பதற்கான அந்தத் தடை செல்லவே செல்லாது. நமக்கும் அந்த வரிசைதான் சரி. கோபத்தோடு சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை: சாயங்கால நேரம், யாரும் பார்க்காத மாடிப்படி, பெயர் கேட்காத ஆள், தனி ரூம், இதையெல்லாம் அந்த லாட்ஜ்காரர் புரிந்துவைத்திருக்கிறார். ஹாரிசன் துரையின் கிளினிக்கில் இருந்ததெல்லாம் அவரிடம் இருக்கிறது, மருந்து ஒன்றைத் தவிர. நம்மிடம் மருந்து ஒன்றுதான் இருக்கிறது.

பெண்கள் கதை வேறு மாதிரி. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, சிபிலிஸ் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்பதால் கர்ப்பமானதும் ரத்தம் எடுக்கிறோம், அதில் தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு ரிப்போர்ட் ரியாக்டிவ், அதாவது நோய் இருக்கிறது என்று வந்தது. ஆறு மாதம். நர்சம்மா உள்ளே கூப்பிட்டு, பதமாகச் சொல்லி, ஊசி போட்டு, "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரோணும் அம்மிணி, இல்லாட்டி மறுபடியும் வந்துரும்" என்றார். அந்தப் பெண் அழவில்லை. "அவரு பனியன் கம்பெனிங்க அக்கா. ஒன்றரை ஷிப்ட்டு. காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாரு. ஒரு நாள் லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க, என்னன்னுங்க சொல்றது?" அடுத்த மாதமும் தனியாகத்தான் வந்தாள், அதற்கடுத்த மாதமும். நாங்கள் பார்ட்னர் சிகிச்சை பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினோம். அவன் வரவில்லை என்று எழுதுகிற இடம் அதில் இருக்கிறது, நாம் திறக்கவில்லை என்று எழுதுகிற இடம் இல்லை.

இது முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எய்ட்ஸ் காலத்தில் நாமே செய்தோம். 1986ல் சென்னையில் முதல் எச்ஐவி கண்டுபிடித்த பிறகு, 1994ல் நாட்டிலேயே முதலாவதாக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கிய மாநிலம் இது. நாமக்கல் என்றால் லாரி, முட்டை, அடுத்து எய்ட்ஸ் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதிய காலம் ஒன்று உண்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். அப்போது லாரி நிற்கிற இடத்துக்கே கிளினிக்கைக் கொண்டுபோனார்கள். லாரிப்பேட்டையில், பெட்ரோல் பங்க் பக்கத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். நானும் சில நாள் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கொசுக்கடியில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஸ்மியர் பார்த்தது நினைவிருக்கிறது. சீழ் அணுவுக்குள் காப்பிக்கொட்டை ஜோடி ஜோடியாக இருக்கிற மாதிரி வெட்டைக் கிருமி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர், "ஏனுங்கண்ணா, நான் பாக்கலாமுங்களா" என்று கேட்டு, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். திட்டம் முடிந்தது, நிதி நின்றது, டியூப் லைட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரை இந்தப் பிரிவைத் திறந்து வையுங்கள். முழு டீம் வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு லேப் ஆள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற நாள் என்று யாராவது சொல்வார்கள், அப்படியென்றால் வியாழன் வைத்துக்கொள்ளுங்கள், நாளில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் தறிக்காரர்களுக்கும் ரொம்ப வசதி, ஆனால் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடுவீர்கள் என்று தெரியும்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்கு ஒரு திரை போடுங்கள், இல்லை என்றால் பின்பக்கம் மருந்து ஸ்டோர் வழியாக ஒரு வாசல் இருக்கிறதே, அதைத் திறந்துவிடுங்கள், சாவி மெயின்டனன்ஸ் ஆளிடம் இருக்கிறது. பலகையில் நோயின் பெயரை ஆறடி நீளத்துக்கு எழுத வேண்டாம். சுகவாழ்வு மையம் என்று அரசே நல்ல பெயராக வைத்திருக்கிறது, அதை எழுதுங்கள், பக்கத்தில் அறை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். அப்போது "16ஆம் நம்பர் எங்கீங்க" என்று ஒருவன் கேட்க முடியும். இப்போது அவன் கேட்க வேண்டிய வாக்கியத்தை நீங்களே ஒரு தடவை செக்யூரிட்டியிடம் சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். உள்ளே டோக்கன் கொடுத்து நம்பர் சொல்லிக் கூப்பிடுங்கள், அந்த டோக்கன் கருவி கண் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. செக்யூரிட்டிக்காரருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுங்கள். நோயாளர் நலச் சங்கத்தில் அந்த அளவுக்குப் பணம் இருக்கிறது, போன வருடம் வாசலில் வைத்த நீரூற்றுக்கு எவ்வளவு ஆனது என்று கல்வெட்டிலேயே இருக்கிறது.

உங்களில் ஒருவர் நேரில் என்னிடம் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன், பெயர் வேண்டாம். "தப்புப் பண்றவனுக்கு எதுக்குங்க ராத்திரி சர்வீஸ்?" அந்த ஆறு மாதப் பெண் என்ன தப்புப் பண்ணினாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து வண்டியை ஸ்டாண்டு போடும்போதுதான் தோன்றியது.

அந்த கிளீனர் பையனிடம் என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் கூப்பிட்டான். அவன் வந்து இறங்கியது சனிக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி லோடு. நடுவில் ஒரு ஞாயிறு. ஒரு தனியார் டாக்டரிடம், எனக்குத் தெரிந்தவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவர் காசு வாங்கவில்லை. எல்லாப் பையனுக்கும் இப்படி ஒரு கிழவன் டீக்கடையில் நின்றுகொண்டிருக்க முடியாதல்லவா.

சாயங்காலம் லேப்புக்கு ஆள் இல்லை என்று சொன்னால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், எட்டரைக்கு மேல் பஸ் கிடைக்காது, யாராவது ஒருவர் வண்டியில் கொண்டுவந்து விட்டால் போதும். ரொட்டேட்டரை மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள், நான் ரிட்டயர்டு ஆகும்போதே அதன் பெல்ட் தேய்ந்திருந்தது, 180 சுற்று வராது.

இப்படிக்கு,
உங்கள் பழைய லேப் டெக்னீஷியன்